மிளகாய் நெடியும் சுண்ணாம்பு விரலும்: மருத்துவமனையில் தொற்றை மறிப்பது எப்படி?

2021 மே மாதம், கத்திரி வெயில். நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் ஊர் வேலூர். கோவிட் வார்டில் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருந்தோம். தலை முதல் கால் வரை கவச உடை, மூக்கை இறுக்கிப் பிடித்த என்95 முகக்கவசம், அதன் மேல் முகத்தடுப்பு. கையுறைக்குள் வியர்வை தேங்கி விரல் நுனிகள் ஊறிப்போயிருக்கும். டியூட்டி முடிகிற வரை தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது.

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு நோயாளியின் மனைவி, வார்டு வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார். "இன்னா சிஸ்டர், எங்க வூட்டுக்காரரத் தொட அவ்ளோ பயமா? இப்டி மூட்ட மாதிரி கட்டிக்கினு வர்றீங்களே?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நின்று பதில் சொல்ல அன்று எனக்கு நேரம் இல்லை. பயம் இல்லை அக்கா, இது ஒரு முறை, இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அந்தக் கணக்கை இப்போது நிதானமாக எழுதுகிறேன். நர்சிங்கில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும், வார்டில் வேலைக்கு வரும் ஆயாம்மாக்களுக்கும், நோயாளிக்குத் துணையாக வந்து தங்கும் அட்டெண்டர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கிருமிக்கு ஒரு வழி வேண்டும்

கிருமி தானாக நடந்து வராது. யாராவது அதைத் தூக்கி வர வேண்டும், அல்லது எதிலாவது அது ஏறி வர வேண்டும். எல்லாத் தொற்றுக்கும் ஒரு சங்கிலி உண்டு என்று நர்சிங் முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள். கிருமி, அது தங்கியிருக்கும் இடம், வெளியே வரும் வாசல், போகும் வழி, இன்னொருவர் உடம்புக்குள் நுழையும் வாசல், கடைசியாக அதைத் தாங்க முடியாத ஓர் ஆள். இதில் ஏதாவது ஒரு கண்ணியை அறுத்தால் போதும், நோய் அங்கேயே நின்றுவிடும்.

புதிய பெருந்தொற்று வரும்போது தொடக்கத்தில் அதற்கென்று மருந்து இருக்காது, தடுப்பூசி இருக்காது. கிருமியையும் மாற்ற முடியாது, ஆளின் எதிர்ப்புச் சக்தியையும் ஒரே நாளில் கூட்ட முடியாது. நம் கையில் இருப்பது நடுவில் உள்ள அந்த வழிதான். கை கழுவுவது, முகக்கவசம் போடுவது, ஜன்னலைத் திறப்பது, குப்பையை நிறம் பார்த்துப் போடுவது எல்லாமே அந்த வழியை மறிக்கிற வேலைதான். இதைத்தான் தொற்றுத் தடுப்பு என்கிறோம்.

சரி, வழிகள் எவை? சமையலறைக்குப் போய்ப் பார்த்தால் எளிதாகப் புரியும். குழம்புக்குத் தாளிக்கும்போது கடுகு வெடித்து எண்ணெய் தெறிக்கும். அடுப்பைச் சுற்றி விழும், பக்கத்தில் நிற்பவர் கையில் படும். கொஞ்சம் தள்ளி நின்றால் படாது. அதே வாணலியில் காய்ந்த மிளகாய் கருகினால் என்ன ஆகும்? கூடத்தில் டிவி பார்ப்பவர் இருமுவார், வாசலில் கோலம் போடுபவரும் இருமுவார். எண்ணெய்த் துளி கனமானது, சீக்கிரம் விழுந்துவிடும். நெடி லேசானது, காற்றோடு போகும். ஜன்னல் திறந்திருந்தால் கலைந்துவிடும், மூடியிருந்தால் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒருவர் இருமும்போதும் இந்த இரண்டும் சேர்ந்தே வெளியே வருகின்றன. கண்ணுக்குத் தெரிகிற எச்சில் துளிகளும் உண்டு, கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிற நுண்துகள்களும் உண்டு.

மூன்றாவது வழிக்கு வெற்றிலை போடும் தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் தடவியது போக விரலில் மிச்சமிருக்கும் சுண்ணாம்பைத் திண்ணைத் தூணில் இழுத்துவிட்டுப் போவார். அவர் எங்கெங்கே உட்கார்ந்து எழுந்தார் என்பதைத் தூணைப் பார்த்தே சொல்லிவிடலாம். நோயாளியைத் தொட்ட கையும் அப்படித்தான். அடுத்து அது தொடும் கட்டில் கம்பியிலும், டிரிப்ஸ் ஸ்டாண்டிலும், பேனாவிலும், செல்போனிலும், கதவுப் பிடியிலும் ஒரு கோடு விழுகிறது. அந்தக் கோடு வெள்ளையாக இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவை நெடி போலக் காற்றில் போகக்கூடியவை. மருந்துக்கு அடங்காத மருத்துவமனை பாக்டீரியாக்கள் பெரும்பாலும் சுண்ணாம்பு விரல் வழியாகத்தான் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போகின்றன. கோவிட் முக்கியமாகத் துளி வழியாகப் பரவுகிறது என்றுதான் முதலில் சொன்னார்கள். மூடிய அறையில் காற்று வழியாகவும் பரவுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாக ஏற்றுக்கொள்ள 2021 ஆகிவிட்டது. அதற்குள் மேசையையும் கதவையும் துடைத்த அளவுக்கு நாம் ஜன்னலைத் திறக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

யாரையும் பார்த்துச் சொல்ல முடியாது

1986ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன்படி பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைச் சோதிக்க ரயிலில் நம் ஊருக்குத்தான் கொண்டுவந்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தபோதுதான் இந்தியாவிலும் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது முதன்முதலாகத் தெரிந்தது. ரத்தத்தைச் சோதித்திருக்காவிட்டால், யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று முகத்தைப் பார்த்து ஒருவரும் சொல்லியிருக்க முடியாது.

அதே 1980களில்தான் உலக அளவில் மருத்துவமனைகளின் பழக்கமும் மாறியது. இவருக்குத் தொற்று உண்டா இல்லையா என்று பார்த்துவிட்டுக் கையுறை போடுவது என்ற பழைய முறை உதவாது என்பது தெளிவானது. எல்லாருடைய ரத்தத்தையும் உடல் திரவத்தையும் தொற்று உள்ளதாகவே எண்ணிக் கையாள வேண்டும் என்ற விதி வந்தது. 1996இல் அதை இன்னும் விரிவாக்கி ஸ்டாண்டர்டு பிரிகாஷன்ஸ், அதாவது எல்லாருக்கும் பொதுவான முன்னெச்சரிக்கை, என்று பெயர் வைத்தார்கள். வார்டில் இன்றும் அதே பெயரில்தான் சொல்கிறோம். பணக்காரர், ஏழை, மந்திரி, கைதி, பச்சைக் குழந்தை என்று யாராக இருந்தாலும் ஒரே முறை. தொற்று இன்னதென்று தெரிந்துவிட்டால், அதன் வழியைப் பார்த்துக் கூடுதல் தடுப்பு சேரும். துளி என்றால் முகக்கவசமும் கண்ணுக்குத் தடுப்பும், காற்று என்றால் என்95உம் தனி அறையும், தொடுவது என்றால் கையுறையும் மேலங்கியும்.

இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. எல்லாருக்கும் ஒரே முறை என்பதால் யாரையும் தனியாக அவமானப்படுத்த வேண்டியதில்லை. நோயைக் காட்டி மனிதரை ஒதுக்குவது எப்படி இருக்கும் என்பது இந்த மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். தொழுநோய் வந்தவர்களை வீடும் ஊரும் விலக்கி வைத்த காலத்தில்தான் பால் பிராண்டு என்ற அறுவை மருத்துவர் இங்கே அவர்களுடைய மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். கரிகிரி மருத்துவமனை அந்தப் பணிக்கென்றே எழுந்தது. நோயின் வழியை மறிப்பது வேறு, நோயாளியை விலக்குவது வேறு. அந்தக் குடியாத்தம் அக்காவின் கேள்வியில் இருந்த வலியும் இந்த இடத்தில்தான் இருந்தது.

கை

விலை உயர்ந்த கருவிகளையும் கவச உடைகளையும் எண்ணிப் பார்க்கும் முன் கைகளைத்தான் பார்க்க வேண்டும். இதை முதலில் நிரூபித்தவர் செம்மல்வைஸ் என்ற மருத்துவர். 1847இல் வியன்னாவில் ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், இன்னொன்றில் மருத்துவச்சிகள். மருத்துவர்கள் பார்த்த பிரிவில்தான் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். அங்கே சேர்க்காதீர்கள் என்று பெண்கள் கெஞ்சுவார்களாம். காரணத்தைச் செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். பிணப் பரிசோதனை செய்த கையோடு வந்து பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று அவர் விதி போட்டார். அந்த ஆண்டு ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த பிரிவில், ஜூன் மாதம் இறப்பு சுமார் 2 ஆகக் குறைந்தது. இருந்தும் அவர் வாழ்ந்த காலத்தில் பெரும்பாலான மருத்துவர்கள் அவரை நம்பவில்லை. தங்கள் கைதான் கொன்றது என்பதை ஏற்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

இன்று நம்பாதவர் யாரும் இல்லை, ஆனால் செய்ய மறப்பவர்கள் நிறைய. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களை வகுத்துக் கொடுத்திருக்கிறது. ஒரு காலை டியூட்டியை நினைத்துப் பாருங்கள். 4ஆம் கட்டில் தாத்தாவுக்கு நாடி பார்க்கப் போகிறேன். தொடும் முன் கையைச் சுத்தம் செய்கிறேன். அவருக்கு ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டும். அந்தச் சுத்தமான வேலையைத் தொடங்கும் முன் மறுபடியும். சிறுநீர்ப் பையைக் காலி செய்தேன், கையுறை போட்டிருந்தாலும் கழற்றியதும் மறுபடியும். அவரைத் தொட்டு முடித்துக் கிளம்பும்போது ஒரு முறை. போகிற போக்கில் அவருடைய தலையணையைச் சரிசெய்தேன், டிராலியை நகர்த்தினேன், அவரைத் தொடவே இல்லை. இருந்தாலும் ஒரு முறை. இந்த ஐந்தாவதுதான் அதிகம் தவறிப்போகிறது. தாத்தாவைத் தொடவில்லையே என்று தோன்றும். சுண்ணாம்பு தாத்தாவின் மேல் மட்டும் இல்லை, தூணிலும் இருக்கிறது.

சானிடைசர் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. கையில் அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்புதான், சானிடைசர் போதாது. சானிடைசரில் ஆல்கஹால் 60 முதல் 80 சதவீதம் இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். 100 சதவீதம் இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். இல்லை. கிருமியின் புரதத்தைக் குலைக்க ஆல்கஹாலுக்குக் கொஞ்சம் தண்ணீரின் துணை வேண்டும்.

புதிய பிள்ளைகளுக்கு நான் ஒரு பாடம் நடத்துவேன். மஞ்சள் தூளை எண்ணெயில் குழைத்து உள்ளங்கையில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போல் கை கழுவுவதுபோலத் தேயுங்கள் என்பேன். கண் திறந்து பார்த்தால் உள்ளங்கை முழுக்க மஞ்சளாக இருக்கும். கட்டை விரலும் விரல் நுனிகளும் விரல் இடுக்குகளும் வெள்ளையாகவே இருக்கும். நாடி பார்ப்பதும், ஊசி பிடிப்பதும், மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அந்த விரல் நுனியால்தான். ஒரு முறை இதைப் பார்த்தவர்கள் பிறகு கட்டை விரலை மறப்பதில்லை.

அப்புறம் மோதிரம், வளையல், கைக்கடிகாரம், நீள நகம். அவற்றின் அடியில் சோப்பு போகாது. வேலைக்கு வரும்போது வளையலைக் கழற்றச் சொன்னால் கல்யாணமான புதுப்பெண்கள் சங்கடப்படுவார்கள். அவர்களை அதட்டக் கூடாது. காரணத்தைச் சொன்னால் அவர்களே கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

கையுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையுறை போட்டவருக்குத் தன் கை சுத்தம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கோவிட் காலத்தில் ஒரே கையுறையோடு ஒரு வார்டு முழுக்கச் சுற்றி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவர்களைக் காத்திருக்கலாம். ஆனால் 1ஆம் கட்டிலில் இருந்ததை 12ஆம் கட்டில் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி, கழற்றியதும் கை கழுவல். இதில் விலக்கே கிடையாது.

கவசத்தைப் போடுவது சுலபம்

புதுத் தொற்று வந்தால் முதலில் மாட்டுவது மருத்துவமனை ஊழியர்கள்தான். 2003இல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று பரவியபோது உலகம் முழுவதும் 8,096 பேருக்கு அது வந்தது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மருத்துவமனைப் பணியாளர். அந்த நோயை வியட்நாமின் ஹனோயில் முதலில் அடையாளம் கண்டு உலகத்தை எச்சரித்த மருத்துவர் கார்லோ உர்பானியும் அதனாலேயே இறந்தார். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது நோயாளியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி உயிரிழந்தார். இன்ன கிருமி என்று தெரிய வரும் முன்பே அவர்கள் தொட்டுப் பணி செய்தார்கள். ஸ்டாண்டர்டு பிரிகாஷன்ஸ் முதல் நாளிலிருந்தே, எந்தக் காய்ச்சலுக்கும் வேண்டும் என்று நாங்கள் அடம் பிடிப்பது இதனால்தான்.

முகக்கவசத்திலிருந்து தொடங்குகிறேன். என்95 என்றால் பிடிக்கக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகளிலும் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும் என்று பொருள். அதன் நடுவில் உள்ள இழைகளில் நிலைமின்சாரம் ஏற்றப்பட்டிருக்கும். தலை சீவிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுமே, அதுபோலத் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அதைச் சோப்பு போட்டுத் துவைத்தாலோ, மேலே சானிடைசர் அடித்தாலோ அந்த மின்சாரம் போய்விடும். பார்க்க அப்படியே இருக்கும், வேலை செய்யாது. வியர்வையில் நனைந்து மூச்சு விடச் சிரமமானாலும் மாற்றிவிட வேண்டும். 2020இல் தட்டுப்பாடு வந்தபோது, போட்டதைக் காகிதப் பையில் வைத்து 5 நாள் கழித்து மறுபடி எடுக்கும் சுழற்சி முறையில் சமாளித்தோம். காகிதப் பைதான், பிளாஸ்டிக் பை கூடாது, ஈரம் உலராது.

அதைவிட முக்கியம், விளிம்பில் இடைவெளி இல்லாமல் முகத்தோடு ஒட்டி உட்காருவது. போட்டதும் இரண்டு கையாலும் மூடி மூச்சை இழுத்து விட்டுப் பார்க்க வேண்டும். ஓரத்தில் காற்று கசிந்தால் மூக்குப் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. வால்வு வைத்தது போடுபவரைக் காக்கும், ஆனால் அவர் விடும் மூச்சை வடிகட்டாமல் எதிரில் இருப்பவருக்கு அனுப்பிவிடும். அதனால் வார்டில் அது வேண்டாம்.

போடும் வரிசை இது. கை சுத்தம், மேலங்கி, முகக்கவசம், கண்ணாடி அல்லது முகத்தடுப்பு, கடைசியாகக் கையுறை. இதில் பெரிதாகத் தவறு வராது. உடையும் உடம்பும் அப்போது சுத்தமாகத்தான் இருக்கின்றன.

ஆபத்து கழற்றும்போதுதான். ஆறு மணி நேரம் வெந்து, தலை சுற்றி, எப்போதடா முகத்தில் காற்று படும் என்று வெளியே வருகிறோம். அந்த நேரத்தில் உடையின் முன்பக்கம் முழுக்கக் கிருமி இருப்பதாகத்தான் எண்ண வேண்டும். அவசரத்தில் முகக்கவசத்தை முன்பக்கம் பிடித்து இழுத்தால், அத்தனை நேரம் பட்ட பாடும் அந்த ஒரு நொடியில் வீணாகிவிடும். அதனால் கழற்றுவதற்கும் ஒரு வரிசை. முதலில் கையுறை. வெளிப்பக்கம் உள்ளே போகும்படி உரிக்க வேண்டும், சுளையிலிருந்து பலாக்கொட்டைத் தோலை உரிப்பதுபோல. கை சுத்தம். முகத்தடுப்பைப் பின்பக்கப் பட்டையைப் பிடித்து எடுக்க வேண்டும். கை சுத்தம். மேலங்கியை முதுகுப் பக்கம் அவிழ்த்து, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும், உதறக் கூடாது. கை சுத்தம். முகக்கவசம் கடைசியில், நோயாளி இருக்கும் அறையை விட்டு வெளியே வந்த பிறகு, வார்களை மட்டும் தொட்டு. மறுபடி கை சுத்தம்.

இதைத் தனியாகச் செய்யக் கூடாது. எதிரில் ஒரு கண்ணாடி வேண்டும், பக்கத்தில் ஒருவர் நின்று படி படியாகச் சொல்ல வேண்டும். "கையை இறக்குக்கா, முகத்துக்கிட்ட போவுது பாரு" என்று சொல்ல ஒரு ஜூனியர் பெண் இருந்ததால் நான் எத்தனையோ தடவை தப்பித்திருக்கிறேன். இதில் சீனியர், ஜூனியர் பார்ப்பவர்கள் பிறருக்கும் ஆபத்து.

தலை முதல் கால் வரை மூடும் முழு உடையைத்தான் இங்கே எல்லாரும் பாதுகாப்பு என்று நம்பினார்கள். கோவிட் நோயாளியைப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் சொன்னது நீளக்கை மேலங்கியைத்தான். முழு உடையைக் கழற்றுவது கடினம், தவறு செய்ய இடம் அதிகம், வேலூர் வெயிலில் மயக்கம் வேறு. அடுத்த முறை ஒரு பெருந்தொற்று வந்தால், இந்த ஊர் வெயிலுக்கு ஏற்ற உடையையும், டியூட்டி நேரத்தைக் குறைப்பதையும் முதல் வாரத்திலேயே பேச வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வார்டுக்குள் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, டீ குடிக்கிற சின்ன அறையில் ஆறு பேர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு நெருக்கமாக உட்கார்ந்து பேசுவோம். நோயாளியிடமிருந்து வராதது சக ஊழியரிடமிருந்து வந்துவிடும். டீ வேண்டாம் என்று சொல்லவில்லை. மரத்தடியில் குடிக்கலாம், முறை வைத்துப் போகலாம்.

ஊழியரின் கவனம் மட்டும் போதாது

இதுவரை சொன்னதைப் படித்தால், எல்லாம் நர்சின் பொறுப்பு, அவர் ஒழுங்காக இருந்தால் தொற்று வராது என்று தோன்றலாம். அப்படி நினைப்பது தவறு. கை கழுவும் தொட்டி வார்டின் அந்தக் கோடியில் இருந்தால், இருபது நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றால், எத்தனை முறை ஓடுவார்? ஒவ்வொரு கட்டில் அருகிலும் சானிடைசர் வைத்தால் கேட்காமலேயே பழக்கம் மாறும். அடிக்கடி கழுவித் தோல் வெடித்தால் தடவ ஒரு கிரீம் வாங்கித் தருவதும் தொற்றுத் தடுப்புதான். வெடித்த தோல் எரியும், எரிந்தால் கை கழுவத் தோன்றாது.

காற்றும் நிர்வாகத்தின் பொறுப்பில்தான் வரும். காற்றில் பரவும் நோய்க்கான தனி அறையில் மணிக்கு 12 முறையாவது காற்று முழுதாக மாற வேண்டும் என்பது அளவு. பெரிய மருத்துவமனைகளில் இதற்கு இயந்திரம் உண்டு, கதவைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் காற்று வெளியே வராதபடி அழுத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். அது இல்லாத இடத்தில் எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறப்பது பெரிய உதவி. உயரமான கூரையும் ஆளுயர ஜன்னலும் வைத்துக் கட்டிய அந்தக் காலத்து வார்டுகளைப் பார்க்கும்போதெல்லாம், கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது என்று நினைத்துக்கொள்வேன். அவற்றை அட்டைப் பலகை போட்டு மறைத்து ஏசி மாட்டுவது எனக்குப் பிடிக்காது.

வாசலிலேயே பிரிப்பது அடுத்தது. வேலூரைப் போன்ற ஊரில் இது சாதாரண வேலை இல்லை. வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் காட்பாடியில் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும். ஒரு நோயாளியோடு இரண்டு மூன்று பேர் வந்து, லாட்ஜில் வாரக்கணக்கில் தங்குவார்கள். காய்ச்சலும் இருமலும் உள்ளவரை வாசலிலேயே கண்டு வேறு பாதையில் அனுப்ப வேண்டும், முகக்கவசம் கொடுக்க வேண்டும், அவர் மொழியில் காரணத்தைச் சொல்ல வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதி ஒட்டிய அறிவிப்பு இங்கே பாதிப் பேருக்குச் சுவர்தான்.

சுத்தம் செய்வதைப் பற்றிச் சுருக்கமாக. தரைக்கும் கட்டிலுக்கும் 1 சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச்) கரைசல். கடையில் 5 சதவீதமாகக் கிடைத்தால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றையதில் வீரியம் குறைந்துவிடும். அழுக்கைச் சோப்பால் கழுவிய பிறகுதான் இதைத் தடவ வேண்டும், தடவியதும் துடைக்காமல் 10 நிமிடம் விட வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, விஷவாயு வரும். மனிதர்கள் மேல் தெளிக்கவும் கூடாது. 2020 ஏப்ரலில் சில ஊர்களில் சந்தை வாசலில் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் வைத்தார்கள். கண்ணுக்கும் தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே மாதமே அதை வேண்டாம் என்றது.

குப்பைக்கு 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி நான்கு நிறம். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, முகக்கவசம் மஞ்சளில். கையுறை, டிரிப்ஸ் குழாய் போன்ற பிளாஸ்டிக் சிவப்பில். ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளைக்காத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பி நீலத்தில். ஊசியின் மூடியைத் திரும்பப் போட முயலவே கூடாது. மஞ்சளில் விழ வேண்டியது தவறி வேறெங்கோ விழுந்தால், அதைக் கையால் எடுப்பவர் ஒரு ஆயாம்மாவோ தூய்மைப் பணியாளரோதான். கவசத்தையும் தடுப்பூசியையும் பங்கிடும்போது அவர்கள் பெயர் வரிசையில் கடைசியாக இருப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். மருத்துவர் தொடுவதைவிட அவர்கள் தொடுவது அதிகம்.

துணைக்கு வருபவர்களுக்கு

நோயாளியின் கட்டிலில் உட்காராதீர்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு உதவுவது நல்ல குணம், ஆனால் கையைச் சுத்தம் செய்துவிட்டு உதவுங்கள். டிரிப்ஸ் நின்றால் நீங்களே திருகாமல் கூப்பிடுங்கள். உங்களுக்கே இருமல் என்றால் வீட்டில் வேறு யாரையாவது அனுப்புங்கள். எங்களைப் பார்த்து, கை கழுவினீர்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்டால் சிஸ்டர் கோபித்துக்கொள்வார், நம் ஆளைச் சரியாகக் கவனிக்க மாட்டார் என்று பலர் பயப்படுகிறார்கள்.

என்னை ஒருவர் கேட்டிருக்கிறார். அணைக்கட்டுப் பக்கத்துப் பாட்டி, எழுபது வயதிருக்கும். பக்கத்துக் கட்டிலில் டிரிப்ஸைச் சரிசெய்துவிட்டு, ஊசித் தட்டோடு நேராக இவரிடம் வந்துவிட்டேன். நடுவில் மூன்றே அடி. மனதில் அடுத்த வேலை ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா சிஸ்டரு, அவங்களத் தொட்டுட்டு வர்றியே, கை கழுவினியா?"

பின்னால் இரண்டு மாணவிகள் நின்றுகொண்டிருந்தார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் முனையில் இருந்த சானிடைசரை எடுத்து உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல், நுனி என்று 20 நொடியும் தேய்த்தேன். பாட்டி முழுதாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கை காய்ந்ததும்தான் தன் கையை நீட்டினார்.